பந்து வராத ஓட்டங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் விளையாடும் ஒரு வைட் ரிசீவர் பையனைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பயிற்சியாளர் அல்ல. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில், விளையாட்டு வீரர்களின் படிப்பைக் கவனிக்கும் மையத்தில் 14 வருடமாகக் கணக்கும் புள்ளியியலும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பையன் என்னிடம் நாலு வருடம் படித்தவன். அவனைப் பற்றி எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "எழுதுங்க, பெயர் மட்டும் வேண்டாம்" என்றான். அதனால் இங்கேயும் அவன் "அந்தப் பையன்"தான்.

கே: உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு மேட்ச் முழுக்கப் பார்த்தேன். வைட் ரிசீவர் பெரும்பாலும் சும்மா ஓடிவிட்டுத் திரும்பி வருகிறார். அவருக்கு என்னதான் வேலை?
— ஒரு வாசகர், நியூ ஜெர்சி

ப: நீங்கள் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்த "சும்மா ஓடுவது"தான் அவர் வேலையில் முக்கால்வாசி.

பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பிலும் ஒன்று பந்தைக் கையில் வைத்து ஓட வேண்டும், இல்லை குவார்ட்டர்பேக் எறிய வேண்டும். எறிந்ததைப் பிடிக்க ஓரத்தில் நிற்பவர் வைட் ரிசீவர். ஒரு ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறக்குறைய 70 வாய்ப்பு வரும். நல்ல ரிசீவருக்கு அதில் ஆறு ஏழு பந்து கைக்கு வந்தால் அது நல்ல நாள். மீதி நேரம், ஓடி வருகிற தன் ஆளுக்காக எதிராளியை மறித்து நிற்பார். அல்லது ஒரு ரூட்டை, அதாவது முன்கூட்டியே வகுத்த ஓட்டப் பாதையை, முழு வேகத்தில் ஓடி முடிப்பார், பந்து வேறு யாருக்கோ போயிருக்கும்.

ரூட் என்பது கண்டபடி ஓடுவது கிடையாது. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வழக்கமான முறையில் 1, 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படை எண்கள் ஓரக் கோட்டுப் பக்கம் திரும்பும். 2, 4, 6, 8 மைதானத்தின் நடுப்பக்கம் திரும்பும். 9 மட்டும் நேராக, எவ்வளவு வேகம் உண்டோ அவ்வளவு வேகம்.

அந்தப் பையன் முதல் வருடம் என்னிடம் அல்ஜீப்ரா படிக்க வந்தபோது சாய்வு என்றால் என்ன என்று அவனுக்குப் பிடிபடவில்லை. நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து வெள்ளை டேப் சுற்றியிருந்தான், பென்சிலைப் பிடிக்கவே சிரமம். "உன் ரூட் ஒன்றை இந்தக் கிராஃப் தாளில் வரை" என்றேன். 8-ஐ வரைந்தான். அதற்கு போஸ்ட் என்று பெயர். 12 யார்டு நேராக ஓடி, அங்கிருந்து கோல் கம்பத்தை நோக்கி வெட்ட வேண்டும். வெட்டும் இடத்தில் பென்சிலை அழுத்தி ஒரு புள்ளி வைத்தான். "மேடம், இந்த இடத்தில் ஒரு ஸ்டெப் கூடுதலாக வைத்தால் பந்து எனக்குப் பின்னால் போய்விடும். நான் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் எறிந்துவிடுவார்" என்றான். அதுவரை எனக்கு அது தெரியாது. ஆளைப் பார்த்து எறிவதில்லை, ஆள் வரப்போகும் இடத்தைப் பார்த்து எறிகிறார்கள். சாய்வு அன்றைக்கே அவனுக்குப் புரிந்தது. ஆட்டம் எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்றும் உண்டு. சில ஆட்டங்களில் ரிசீவர் 9-ஐ ஓடுவதே, தன்னைக் காவல் காக்கும் கார்னர்பேக்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகத்தான். அவர் காலி செய்த இடத்தில் வேறொருவர் பந்தை வாங்கி, எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் உள்ள எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய் டச்டவுன் போடுவார். மறுநாள் புள்ளிவிவரத் தாளில் இழுத்துப் போனவர் பெயர் இருக்காது. அடுத்த முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவரை மட்டும் ஒரு பத்து நிமிடம் பாருங்கள்.

கே: என் மகன் 11-ம் வகுப்பு. டாலஸ் பக்கத்தில் பள்ளி அணியில் வைட் ரிசீவர். 5 அடி 11 அங்குலம், 160 பவுண்டு. ரெக்ரூட்டிங் தளங்களில் அவனுக்கு ஒரு ஸ்டார்கூட இல்லை. கல்லூரியில் விளையாடியே தீருவேன் என்கிறான். அவன் அப்பாவுக்குத் தலையில் அடிபட்டுவிடும் என்று பயம். நான் யார் பக்கம் நிற்பது?
— ஒரு அம்மா, டெக்சாஸ்

ப: முதலில் ஸ்டார் விஷயம். அது 16, 17 வயதுப் பையனைப் பார்த்து யாரோ கொடுத்த மதிப்பெண், அவ்வளவுதான். கூப்பர் கப் பள்ளியில் கடைசி சீசனை முடித்தபோது ஸ்காலர்ஷிப் தருகிறோம் என்று ஒரு கல்லூரிகூடக் கேட்கவில்லை. பிறகுதான் ஈஸ்டர்ன் வாஷிங்டன் கூப்பிட்டது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2017 டிராஃப்டில் 69-வது ஆளாகப் போனார். 2021 சீசனில் கேட்ச், யார்டு, டச்டவுன் மூன்றிலும் என்எஃப்எல்லில் முதலிடம், அதோடு இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் சிறந்த வீரர். இன்னொரு பெரிய ரிசீவரான ஜஸ்டின் ஜெஃபர்சன், எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) முதல் வருடம் ஒரு கேட்ச்கூடப் பிடிக்கவில்லை. மூன்றாம் வருடம் 111.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஹண்டர் ரென்ஃப்ரோவின் கதை. கிளெம்சனுக்கு ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆனாக வந்தவர், பள்ளியில் குவார்ட்டர்பேக், ஒல்லியான உடம்பு. 2017 ஜனவரி 9, தேசிய இறுதி ஆட்டம், எதிரணி அலபாமா. மணி காட்டியில் ஒரு விநாடி மிச்சம் இருக்கும்போது 2 யார்டு டச்டவுனைப் பிடித்தார். 35–31. நாடே பார்த்த அந்தப் பந்தைப் பிடித்தது ஒரு ஸ்டார் ரெக்ரூட் அல்ல.

ஆனால் இந்தக் கதைகளை மட்டும் சொல்லி உங்களை அனுப்பினால் அது நியாயம் ஆகாது. அமெரிக்காவில் பள்ளி அளவில் ஃபுட்பால் விளையாடுபவர்கள் 10 லட்சத்துக்கு மேல். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்தால் கல்லூரியில் விளையாடுபவர்கள் 70 ஆயிரத்துச் சொச்சம். அவர்களில் தொழில்முறைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இந்தக் கணக்கை நான் புள்ளியியல் வகுப்பில் வீரர்களுக்கே போட்டுக் காட்டுவேன். வகுப்பு அமைதியாகிவிடும். ஒவ்வொருவரும் தான் அந்த இரண்டு பேரில் ஒருவன் என்று நம்பித்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், நம்பாவிட்டால் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து எடை தூக்கப் போக முடியாது. அதனால் உங்கள் மகனின் நம்பிக்கையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் நீங்கள் வைக்கும் இலக்கு மட்டும் வேறாக இருக்கட்டும்: நாலு வருடம் விளையாடி, கையில் பட்டத்தோடு வெளியே வர வேண்டும்.

இப்போது, இந்த வருடமே, செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என்சிஏஏ முதல் பிரிவில் விளையாட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 2.3-க்குக் குறையக் கூடாது. அந்த 16-ல் 10 பாடங்கள் 12-ம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு, ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். பந்து பிடிக்கத் தெரிந்த எத்தனையோ பிள்ளைகள் இந்த ஒரு விதியில் மாட்டி நின்றுபோயிருக்கிறார்கள். நாளைக்கே பள்ளி ஆலோசகரிடம் போய், மகனின் பாடங்களில் எவையெல்லாம் முக்கியப் பாடமாகக் கணக்கில் வரும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எல்லாக் கணக்குப் பாடமும் கணக்கில் வராது.

அடுத்து வீடியோ. ஹடல் தளத்தில் பையன்கள் தங்கள் கேட்ச்களை மட்டும் தொகுத்துப் போடுவார்கள். உங்கள் மகனின் தொகுப்பில் எதிராளியை மறித்து நிற்கும் ஒரு நல்ல பிளாக்கும், பந்து வராமல் முழு வேகத்தில் ஓடிய ஒரு ரூட்டும் இருக்கட்டும். எங்கள் மையத்துக்குப் பக்கத்து அறையில் பயிற்சியாளர்கள் வீடியோ பார்ப்பார்கள். கேட்ச் வரும்போது பேசிக்கொண்டே பார்ப்பவர்கள், பையன் பிளாக் செய்யும் இடத்தில் நிறுத்தித் திரும்ப ஓடவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெரிய பல்கலைக்கழகங்களில் 2025 முதல் ஓர் அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பு வாக்-ஆன்களுக்கு இருந்த இடம் குறைந்துவிட்டது. அதனால் இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளை இப்போதிருந்தே பாருங்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் படிப்புக்கான உதவித்தொகை உண்டு. உங்கள் மகன் நன்றாகப் படித்தால் அங்கே கட்டணம் கணிசமாகக் குறையும். "எல்லாக் கல்லூரிக் கோச்சும் வருவார்கள்" என்று சொல்லிப் பணம் கேட்கும் முகாம்களுக்கு யோசித்துச் செல்லுங்கள். எந்தக் கல்லூரியில் இருந்து யார் வருகிறார் என்று பெயரோடு கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் பணத்தை வீட்டிலேயே வையுங்கள்.

தலையில் அடி. மகனின் அப்பாவிடம் அந்தப் பயம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பையனுக்கு இரண்டாம் வருடம் ஒரு கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை அதிர்வது, வந்தது. ஒன்பது நாள் திரையைப் பார்க்கக் கூடாது. வகுப்பில் குழல்விளக்கு வெளிச்சம் தாங்காமல் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நான் கேள்வியை வாசிக்க, அவன் வாயால் பதில் சொல்ல, அப்படித்தான் ஒரு தேர்வை முடித்தோம். இப்போது மருத்துவர் படிப்படியாக அனுமதித்தால்தான் களத்துக்கும் வகுப்புக்கும் திரும்ப முடியும், அந்த விதிகள் முன்பைவிடக் கடுமை. ஆனாலும் ஆபத்து இருக்கிறது. மகனிடம் ஒரு வாக்குறுதி மட்டும் வாங்குங்கள்: தலை சுற்றினால், மங்கலாகத் தெரிந்தால், அந்த நிமிடமே சொல்வேன், மறைக்க மாட்டேன் என்று. அதை அப்பாவின் முன்னால் சொல்லட்டும். யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கலாம்.

கே: ஒஹாயோ ஸ்டேட்டின் ரிசீவர் ஜெரமையா ஸ்மித் முதல் வருடத்திலேயே அப்படி ஆடினாரே, அவரை ஏன் உடனே என்எஃப்எல் எடுக்கவில்லை?
— ஒரு வாசகர், கொலம்பஸ்

ப: எடுக்க விதி இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வருடம் ஆனால்தான் டிராஃப்டுக்குப் போகலாம். அதே ஒஹாயோ ஸ்டேட்டின் மாரிஸ் கிளாரெட் இந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2004-ல் மேல்முறையீட்டில் விதிதான் நின்றது. ஸ்மித் பள்ளி முடித்தது 2024, ஆகவே 2027 வரை காத்திருக்க வேண்டும்.

2024 சீசனில் அவர் 76 கேட்ச், 1,315 யார்டு, 15 டச்டவுன். ஆனால் நான் நினைவில் வைத்திருப்பது இறுதி ஆட்டத்தை. 2025 ஜனவரி 20, அட்லாண்டா, எதிரணி நோத்ர டாம். முதல் பாதியிலேயே ஒரு டச்டவுன் போட்டவர், பிற்பாதியில் வெகுநேரம் அமைதியாக இருந்தார். கடைசிக் கட்டத்தில், மூன்றாவது வாய்ப்பு, 11 யார்டு தேவை. நேராக ஓடினார், 56 யார்டு பந்து வந்து கையில் விழுந்தது. 34–23. அந்த நீண்ட இடைவெளியில் ஒரு ரூட்டையாவது அரைமனதோடு ஓடியிருந்தால் அந்தக் கார்னர்பேக் கடைசியில் அப்படி ஏமாந்திருக்க மாட்டார்.

கே: ஆன்ட்டி, நான் ஒரு சின்னக் கல்லூரியில் ரிசீவர், இரண்டாம் வருடம். கடைசி ஆட்டத்தில் எண்ட் ஸோனில் நேராகக் கைக்கு வந்த பந்தை விட்டுவிட்டேன். தோற்றோம். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. (நான் சொல்லச் சொல்ல அம்மா தமிழில் எழுதினார்.)
— ஒரு மாணவர், பென்சில்வேனியா

ப: தம்பி, முதலில் உன் அம்மாவுக்கு என் அன்பு. நீ சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஜெரி ரைஸ் பெயர் உனக்குத் தெரியாமல் இருக்காது. மிசிசிப்பியில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆடியவர். அப்பா கொத்தனார். அவருக்கு உதவியாக நின்று, எறியப்படும் செங்கல்லைப் பிடித்துப் பிடித்துக் கை பழகியது. 1985-ல் சான்ஃபிரான்சிஸ்கோ அவரை 16-வது ஆளாக எடுத்தது. முதல் வருடம் பந்து பந்தாகத் தவறவிட்டார், சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அதே வருடம் டிசம்பரில் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே இரவில் 241 யார்டு. மொத்தம் இருபது சீசன், 1,549 கேட்ச். இன்று வரை அந்த எண்ணை யாரும் தொடவில்லை.

சரி, ரைஸ் கதை உன்னைத் தூங்கவைக்காது என்று எனக்குத் தெரியும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பையனும் மூன்றாம் வருடம் இதே மாதிரி எண்ட் ஸோனில் ஒரு பந்தை விட்டான். மறுநாள் ஞாயிறு. தேர்வுத் தாள்களை எடுக்க மையத்துக்குப் போயிருந்தேன். திரும்பிப் போகும்போது உள்ளரங்க மைதானத்தில் ஒரு வரிசை விளக்கு மட்டும் எரிந்தது. உள்ளே பந்து எறியும் இயந்திரம், அதற்குப் பந்து ஊட்ட ஒரு மாணவ உதவியாளர், எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பையன். உதவியாளர் குரல் கொடுப்பார், இவன் சட்டென்று திரும்புவான், பந்து அதற்குள் பாதி தூரம் வந்திருக்கும். பந்தின் கூர்முனையில் மார்க்கரால் ஓர் எண் எழுதியிருந்தார்கள். பிடிப்பதோடு அந்த எண்ணையும் கத்திச் சொல்ல வேண்டும். "நாலு!" "ஏழு!" "நாலு!" கண் பந்தின் மேல் கடைசி வரை இருந்தால்தான் எண் தெரியும்.

நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஒவ்வொரு பந்துக்கும் "தப்" என்று சத்தம் வந்தது. அரை மணி நேரம் கழித்துச் சத்தம் குறைந்தது. கடைசியில் கிட்டத்தட்ட சத்தமே இல்லை. பிறகு அவனிடம் கேட்டபோது சொன்னான்: "சத்தம் வந்தால் உள்ளங்கையில் பட்டிருக்கிறது என்று அர்த்தம் மேடம். விரல் நுனியில் வாங்கினால் சத்தம் வராது."

நீ விட்ட பந்தின் வீடியோவைப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பயிற்சியாளரோடு உட்கார்ந்து ஒரே ஒருமுறை பார். உன் கண் எங்கே இருந்தது என்று மட்டும் கவனி. கைக்கு வருகிற சுலபமான பந்து தவறுவது பெரும்பாலும், பிடிப்பதற்கு முன்பே அடுத்த அடியை எடுக்கப் பார்ப்பதால்தான். அப்படியென்றால் அது திருத்தக்கூடிய பிழை, உன் குணத்தில் உள்ள குறை கிடையாது. மார்பளவுக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர்ந்திருக்கின்றனவா, இடுப்புக்குக் கீழே வருவதற்குச் சுண்டுவிரல்கள் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள். அப்புறம், மூன்று வாரம் தூக்கம் இல்லை என்பது சின்ன விஷயம் அல்ல. உன் கல்லூரியில் மாணவர்களுக்கான மனநல ஆலோசகர் இருப்பார். இந்த வாரமே போய்ப் பேசு. என் மாணவர்கள் பலர் போகிறார்கள், அணியின் நல்ல வீரர்களும் அதில் உண்டு. போய் வந்ததும் அம்மாவிடம் சொல்லி எனக்கு ஒரு வரி எழுதச் சொல்.

கே: முன்பெல்லாம் ஒரு கல்லூரியில் சேர்ந்தால் கடைசி வரை அங்கேதான். இப்போது வருடா வருடம் மாறுகிறார்கள். விசுவாசம் என்பதே போய்விட்டதா?
— ஒரு வாசகர், மிச்சிகன்

ப: இந்தக் கேள்வியில் இருக்கிற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பையன்கள் பக்கம் நின்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. பயிற்சியாளர் எந்த வருடமும் வேறு கல்லூரிக்குப் போகலாம், போன மறுநாளே வேலையில் சேரலாம். பையன் மாறினால் ஒரு சீசன் ஆடாமல் உட்கார வேண்டும் என்று இருந்தது. 2021-ல் ஒருமுறை மாறுவதற்கு அந்தத் தடை நீங்கியது. 2024-ல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று ஆனது.

ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோ ஸ்டேட்டில் அவருக்கு முன்னால் கிறிஸ் ஓலாவே, காரெட் வில்சன் போன்ற பெரிய ஆட்கள். பந்து அதிகம் வரவில்லை. 2021-ல் அலபாமாவுக்கு மாறினார். அந்த ஒரே சீசனில் 1,572 யார்டு. 2022 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்படியும் டெட்ராய்ட் அவரை 12-வது ஆளாக எடுத்தது. காயம் ஆறிக் களத்துக்கு வந்தபின் அவர் பிடித்த முதல் பந்தே டச்டவுன். மாறாமல் இருந்திருந்தால்? அவர் செய்தது விசுவாசக் குறைவு என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

அதே நேரம், தங்கிக் காத்திருந்தவர்களும் உண்டு. டிவான்டா ஸ்மித் அலபாமாவில் முதல் சீசன் முழுக்கப் பிடித்தது எட்டே எட்டு பந்து. எட்டாவது, 2018 ஜனவரியில் ஜார்ஜியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கோப்பையை வாங்கித் தந்த 41 யார்டு டச்டவுன். அதற்குப் பிறகும் அவசரப்படாமல் நாலாவது வருடமும் இருந்தார். 2020-ல் 117 கேட்ச், அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. 1991-ல் டெஸ்மண்ட் ஹவர்டுக்குப் பிறகு ஒரு ரிசீவருக்கு அது கிடைத்தது அப்போதுதான். உடம்போ 170 பவுண்டு அளவுதான்.

மாறுவதில் யாரும் பேசாத ஒரு கணக்கு இருக்கிறது, என் மேஜைக்கு வருவது அதுதான். மூன்றாம் வருடம் முடிந்ததும் அந்தப் பையன், கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுக்க நினைத்தான். அவனைவிட வேகமான இரண்டு புதுப் பையன்கள் வந்திருந்தார்கள். என்னிடம் வந்து லேப்டாப்பைத் திறந்தான். அவன் முடித்திருந்தது 93 கிரெடிட். அவன் போக நினைத்த கல்லூரியின் பட்டத்துக்கு அதில் எவ்வளவு பொருந்தும் என்று பாடம் பாடமாகப் பார்த்தோம். 64 வந்தது. மூன்று வருட முடிவில் பட்டத்தின் 60 சதவீதம் முடிந்திருந்தால்தான் ஆட முடியும் என்பது அப்போதைய விதி. 120-ல் 72 வேண்டும். கோடையில் மூன்று பாடம் எடுத்தால் ஒப்பேற்றலாம், ஆனால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகும். திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இருக்கிறேன்" என்றான். அது அவன் முடிவு. அடுத்த வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்த இன்னொரு மாணவிக்கு மாறுவதுதான் சரி என்று பட்டது, அவளுக்கும் அதே கவனத்தோடு கணக்குப் போட்டோம்.

கே: கல்லூரி வீரர்களுக்கு இப்போது பணம் கொட்டுகிறதாமே? இந்திய மாணவர்களும் வாங்கலாமா?
— ஒரு வாசகி, கலிஃபோர்னியா

ப: 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தி விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகமே நேரடியாகவும் தரலாம். முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். செய்தியில் வரும் பெரிய தொகைகள் உண்மைதான், ஆனால் அவை ஒரு சிலருக்குப் போகின்றன. அந்தப் பையனுக்கு நாலு வருடத்தில் மொத்தம் கிடைத்தது ஒரு டயர் கடையில் இருந்து 1,500 டாலர். ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதற்கு.

ஜனவரியில் 1099 என்ற படிவம் வீட்டுக்கு வந்தது. "இது என்ன மேடம்?" என்று தூக்கிக்கொண்டு வந்தான். சொந்தத் தொழில் வருமானம் மாதிரி இது. சம்பளத்தில் முன்கூட்டியே வரி பிடிப்பதுபோல இதில் யாரும் பிடிக்க மாட்டார்கள். சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்கு மேல் வருமான வரி இருந்தால் அதுவும். இதைப் பதினெட்டு வயதில் யாருக்கும் யாரும் சொல்வதில்லை. இப்போது முதல் வருட மாணவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது: பணம் வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடு, ஏப்ரல் வரை தொடாதே.

இங்கேயே குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்கு உள்ள விதிதான். எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வேலை செய்வதற்கான கட்டுப்பாடு இதிலும் வரும், விசாவே போய்விடலாம். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம்.

கே: அந்தப் பையன் என்ன ஆனான்? அதைச் சொல்லாமல் கட்டுரையை முடித்துவிட்டீர்களே!
— பதினோரு கடிதங்களில் வந்த கேள்வி

ப: இடம் போதவில்லை, அதனால்தான். சொல்கிறேன்.

நாலாம் வருடம் அவனுக்கு 31 கேட்ச், இரண்டு டச்டவுன். மார்ச்சில் பல்கலைக்கழகத்தில் நடந்த ப்ரோ டேயில் என்எஃப்எல் ஆட்கள் முன்னால் 40 யார்டை 4.58 விநாடியில் ஓடினான். 2024-ல் சேவியர் வொர்த்தி இண்டியானாபொலிஸில் நடந்த என்எஃப்எல் தேர்வு முகாமில் ஓடிய 4.21-தான் அந்த முகாமின் சாதனை. விநாடிக்குள் அடங்கும் அந்த வித்தியாசம் களத்தில் மூன்று நாலு யார்டு. ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் மூன்று நாள் நடந்தது, ஏழு சுற்று. அவன் வீட்டில் எல்லாரும் மூன்று நாளும் உட்கார்ந்து பார்த்தார்களாம். அவன் பெயர் வரவில்லை. அடுத்த வாரம் ஓர் அணி, புது வீரர்களின் மூன்று நாள் முகாமுக்கு வந்து ஆடிக் காட்டச் சொன்னது. ஒப்பந்தம் எதுவும் இல்லை, வந்து பார் என்பதுதான். அந்த வார இறுதியில்தான் பட்டமளிப்பு விழா. அவன் முகாமுக்குப் போனான். அவன் போனதில் எனக்குச் சந்தோஷம்தான்.

முகாம் முடிந்து அவனை வைத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை மையத்துக்கு வந்தான். விழாவில் கிடைக்க வேண்டிய பட்ட உறையைப் பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிக் கையில் வைத்திருந்தான். "மூன்று நாளில் பதினேழு பந்து வந்தது மேடம், ஒன்றுகூட விடவில்லை" என்றான். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு முதல் வருடம் அவன் வரைந்த கிராஃப் தாளை இழுப்பறையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பென்சில் புள்ளி இன்னும் அழுத்தமாக இருந்தது.

இப்போது அவன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கணக்குகளைப் பார்க்கிறான். மாலையில் தான் படித்த பள்ளிக்குப் போய் ரிசீவர்களுக்குப் பயிற்சி தருகிறான். போன அக்டோபரில் எனக்கு இருபது விநாடி வீடியோ ஒன்று அனுப்பினான். ஒரு பையன் நடுவில் பந்தை வாங்கி டச்டவுன் போடுகிறான், கூட்டம் எழுந்து நிற்கிறது. கீழே ஒரே வரி எழுதியிருந்தான்: "வலது ஓரத்தில் 14-ம் நம்பரைப் பாருங்க மேடம்." திரும்ப ஓடவிட்டேன். ஒல்லியாக ஒரு பையன், பதினைந்து வயது இருக்கும். பந்து தனக்கு வராது என்று தெரிந்தே, இரண்டு பேரை இழுத்துக்கொண்டு கோடு வரை முழு வேகத்தில் ஓடுகிறான். பின்னணியில் ஒரு குரல் தொண்டை கிழிய "பதினாலு! பதினாலு!" என்று கத்துகிறது. அது யார் குரல் என்று எனக்குத் தெரியும்.